ஈப்புழுவின் கழிவும் புண்ணாற்றும் பொருள்களும்

கால்நடை வைத்திருப்போர் வெறுக்கும் காட்சிகளுள் தலையாயது, புண்ணில் புழு நெளிவதாகும். கன்றின் தொப்புளிலும், காயடித்த எருதின் புண்ணிலும், நுகம் உராய்ந்த கழுத்திலும், கோமாரி கண்ட மாட்டின் குளம்பிடுக்கிலும் ஈ முட்டையிடுகிறது. ஒரு நாளைக்குள் புழு பிறக்கிறது. கவனியாது விட்டால் ஒரு வாரத்தில் பிராணி நலிந்து வீழ்கிறது. இதனைக் காணாத குடியானவர் நம் நாட்டில் இல்லையென்றே கூறலாம். ஆயினும், இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் ஈயின் புழு மேல்நாட்டு வைத்தியசாலைகளில் மனிதருடைய ஆறாப் புண்களில் வேண்டுமென்றே இடப்படுகிறதென்றும், அப்புழுவின் கழிவில் கண்டறியப்பட்ட பொருள்கள் களிம்புகளில் சேர்க்கப்பட்டு மருந்துக்கடைகளில் விற்கப்படுகின்றனவென்றும் கூறினால் பலர் நம்பமாட்டார்.

இவ்விஷயத்தை விவசாயப் பத்திரிகையில் எழுதப் புகுந்ததற்குக் காரணம் இரண்டு. மேற்படி பொருள்களைக் கண்டறிந்தது ஒரு வைத்தியக் கலாசாலை அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாய இலாகாவின் பூச்சியியல் பகுதியே அதனைச் செய்தது. இது முதற் காரணம். இரண்டாவது, இதனினும் முக்கியமானது. புழு புண்ணை ஆற்றும் என்று எங்கோ கேள்வியுற்ற சிலர், தம் மாட்டின் புண்ணிலுள்ள புழுவையும் அவ்வாறே விட்டுவிடலாமா என்று கிராமக் கூட்டங்களில் கேட்கின்றனர். விடலாகாது என்பதே விடை. ஏன் விடலாகாது என்பதையும், மேல்நாட்டார் செய்தது யாது என்பதையும் முறையாக அறிந்துகொண்டாலன்றி இவ்விடை மனத்தில் நில்லாது.

புழுக்களின் பேதம்

புண்ணை நாடும் ஈக்கள் பல. அவற்றுள் நாம் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. முதலாவது லுசீலியா செரிகேட்டா எனப்படும் பச்சை ஈ. இது பெரும்பாலும் செத்த பிராணிகளின் மீது முட்டையிடும். ஒரு தடவையில் ஏறக்குறைய 200 முட்டை வரையில் இடக்கூடியது. இதன் புழு அழுகிய தசையைத் தின்று வளரும். வைத்தியத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது பெரும்பாலும் இதுவே. இதனைச் சாது என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்து முதலிய தேசங்களில் உயிருள்ள செம்மறிகளின் ஈரமான ரோமத்தில் முட்டையிட்டுத் தோலைத் தின்று ஆடுகளைக் கொல்வதும் இதே ஈதான்.

இரண்டாவது கிரைசோமியா பெஸ்ஸியானா என்பது. இதன் புழு செத்த தசையை வேண்டுவதில்லை. உயிருள்ள பிராணியின் தசையே இதற்கு உணவு. பெண் ஈ புண்ணின் ஓரத்தில் முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும். பிறந்த புழுக்கள் தலையை உள்ளே செலுத்தி, சுவாசிப்பதற்காக வால்நுனியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, திருகாணிபோல் தசைக்குள் துளைத்துச் செல்லும். 6 அல்லது 7 நாளில் முதிர்ந்து தரையில் விழுந்து, மண்ணில் கூட்டுப்புழுவாகும். அதற்குள் புண்ணின் நாற்றத்தால் மேலும் பல ஈக்கள் வந்து முட்டையிட்டிருக்கும். நம் நாட்டில் மனிதருக்கும் கால்நடைக்கும் புழுப்புண் உண்டாக்குவதில் இதுவே பொதுவானதென்று டபிள்யூ. எஸ். பேட்டன் என்னும் பூச்சியியல் அறிஞர் 1920ஆம் ஆண்டில் எழுதினார். அமெரிக்கக் கண்டத்திலும் இத்தகைய திருகுப்புழு ஈ ஒன்று உண்டு. அதனையும், அதனைப்போலவே தோன்றும் பிணந்தின்னி ஈ ஒன்றையும் வெகுகாலம் ஒன்றென்றே எண்ணியிருந்தனர். அவை வெவ்வேறென 1933இல் எமரி குஷிங் என்பாரும் மேற்படி பேட்டனும் பிரித்துக்காட்டினர். தேர்ந்த அறிஞர்களே ஏமாந்த விஷயத்தில், கசாப்புக்கடையில் மொய்க்கும் பசுநீல ஈக்களுள் எது எவ்வினம் என்று நாம் பார்வையால் நிச்சயித்தல் இயலாத காரியம். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போர்க்களத்தில் கண்டது

புழுப் பிடித்த புண் சில சமயம் நன்றாக ஆறுகிறது என்பதைப் போர்க்களத்து வைத்தியர்கள் பண்டைக்காலம் தொட்டே கவனித்துள்ளனர். நெப்போலியனுடைய படை வைத்தியரான லாரே என்பவர் 1799இல் சிரியாவில் இதனைக் கண்டு எழுதியுள்ளார். எனினும் இதனை ஒரு சிகிச்சை முறையாக்கியவர், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கலாசாலையின் எலும்பு வைத்தியப் பேராசிரியர் வில்லியம் பேயர் என்பவரே.

1917ஆம் ஆண்டில், முதல் உலகப்போரின்போது, இரண்டு சிப்பாய்கள் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். இருவருக்கும் தொடையெலும்பு முறிந்து வெளிப்பட்டிருந்தது. வயிற்றிலும் பெரும் புண்கள். சோறு தண்ணீரின்றி, எவர் கண்ணிலும் படாமல், 7 நாள் போர்க்களத்திலேயே கிடந்தவர்கள். அக்காலத்தில் இத்தகைய தொடை முறிவு கண்டவர்களில் நான்கில் மூன்று பேர், வைத்தியசாலையில் இருந்தும் பிழைப்பதில்லை. இவ்விருவருக்கோ காய்ச்சலே இல்லை. உடைகளை நீக்கியபோது புண்ணில் ஆயிரக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. அவற்றை உப்புநீரால் கழுவிவிட்டுப் பார்க்கையில், சீழுக்குப் பதிலாக, ஆறும் புண்ணுக்கு அடையாளமான இளஞ்சிவப்பு நிறப் புதுச்சதை புண் முழுவதும் நிரம்பியிருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின்னரே அவர் இதனைச் சோதிக்கத் துணிந்தார். எலும்பில் சீழ் பிடித்து, வேறெவ்வகையிலும் ஆறாதிருந்த குழந்தைகளின் புண்ணில் ஈப்புழுவை இட்டார். புண்கள் ஆறின. ஆனால் பின்னர்ச் சிகிச்சை பெற்ற நோயாளிகள் சிலருக்குத் தனுர்வாயு கண்டது. புழுவினுடன் கிருமியும் புண்ணுக்குள் சென்றுவிட்டதே இதற்குக் காரணம். ஆதலால் முட்டைகளைக் கிருமிநாசினித் திரவத்தில் கழுவி, தூய உணவில் பொரிக்கவைத்து, கிருமி யாதொன்றும் இல்லையெனச் சோதித்த பின்பே புழுவைப் புண்ணிலிடும் முறை ஏற்பட்டது. இம்முறையே இன்றளவும் கைக்கொள்ளப்படுகிறது. பேயர் 1931இல் காலமானார். அவருடைய விரிவான அறிக்கை அவர் இறந்தபின் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் 300க்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் இம்முறையைக் கையாண்டன. லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியார் 1000 புழுக்களை 5 டாலர் விலைக்கு விற்றனர். இது அந்நாளில் சிறு தொகை அன்று. புழு வாங்கினால் வைத்திருக்கவும் இயலாது; சில நாளில் முதிர்ந்துவிடும். புண்மேல் வலைக்கூடு அமைத்து, அது தப்பி ஓடாமற் காக்கவேண்டும். நோயாளிக்கு அரிப்பும் வலியும் அருவருப்பும் உண்டு. ஆகவே, புழு புண்ணில் செய்வது யாது, அதனைப் புழுவின்றியே செய்துவிடக் கூடாதா என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

கழிவை ஆராய்ந்தவர்

இவ்வினாவைக் கையிலெடுத்தவர் வில்லியம் ராபின்ஸன். இவர் வைத்தியரல்லர். வாஷிங்டனில் விவசாய இலாகாவின் பூச்சியியல் பகுதியில், மனிதரையும் பிராணிகளையும் தாக்கும் பூச்சிகளைக் குறித்து ஆராய்ந்து வந்தவர். புழுச்சிகிச்சை செய்த அறுவை வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, 600க்கும் மேற்பட்டோரிடமிருந்து விடை பெற்றார். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அம்முறை நன்றென்றே தெரிவித்திருந்தனர். பின்பு புழு வெளிவிடும் திரவங்களை இரசாயன முறையில் கூறுபடுத்தத் தொடங்கினார்.

அத்திரவத்தில் அவர் கண்ட பொருள்களுள் ஒன்று அல்லண்டாயின். 1935இல் அதனை நூற்றுக்கு அரைப் பங்கு கரைந்த நீராகச் செய்து, அந்நீரில் நனைத்த துணியால் நாட்பட்ட புண்களைக் கட்டச் செய்தபோது, புதுச்சதை விரைந்து வளர்ந்ததாக வெளியிட்டார். புழு இல்லை, நெளிவு இல்லை. நிறமும் மணமும் அற்ற நீர் ஒன்றே போதுமென்றாயிற்று.

அவர் அத்துடன் நிற்கவில்லை. அல்லண்டாயின் சிதையுமானால் அதனின்று யூரியா உண்டாகும். அப்படியாயின் யூரியாவே புண்ணுக்கு நன்மை செய்யாதா? 1936இல் சீழ்ப்புண்களில் யூரியாக் கரைசலை இட்டுச் சோதித்து, அதுவும் பயன்தருவதாக எழுதினார். யூரியா மேலும் சிதைந்தால் அம்மோனியா. 1939இல் அவரும் பேக்கர் என்பவரும் சேர்ந்து, புழுவுள்ள புண்ணில் யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்னும் நொதியும், அதனால் உண்டாகும் அம்மோனியாவும் இருப்பதை ஆராய்ந்து எழுதினர். 1940இல் புழு வெளிவிடும் அம்மோனியம் பைகார்பனேட்டும் சீழ்ப்புண்ணை ஆற்றத் தூண்டுகிறதென்று ராபின்ஸன் வெளியிட்டார். ஐந்தாண்டுக் காலத்தில், ஒரு சங்கிலியின் வளையங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்வதுபோல், அவர் ஒரே வழியில் படிப்படியாகச் சென்றது கவனிக்கத்தக்கது.

விவசாயிகளுக்கு இச்சங்கிலி புதியதன்று. உயிர்ப்பொருள்களின் அணுவறைக் கருவிலுள்ள பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகும். யூரிக் அமிலம் அல்லண்டாயின் ஆகும். அது அல்லண்டாயிக் அமிலமாகி, யூரியாவாகி, ஈற்றில் அம்மோனியாவாகும். எருக்குழியில் மூக்கைத் துளைக்கும் நெடி இவ்வம்மோனியாவே. எருக்குழியில் நிகழ்வதன் ஒரு பகுதி, ஒரு விரற்கடை நீளமும் இல்லாத புழுவின் உடலிலும் அது கிடக்கும் புண்ணிலும் நிகழ்கிறது. பூச்சிகளுள் பெரும்பாலானவை தம் தழைச்சத்துக் கழிவை உலர்ந்த யூரிக் அமிலமாகவே வெளியேற்றும். ஏனெனில் அவற்றுக்கு நீரை மிச்சப்படுத்த வேண்டியுள்ளது. பச்சை ஈயின் புழுவோ குழம்பான உணவில் மூழ்கி வாழ்வதால் நீருக்குக் குறைவில்லை. அது மிகுதியும் அம்மோனியாவையே வெளிவிடுகிறது. 1938இல் ஏ. டபிள்யூ. ஏ. பிரவுன் என்பார் இதே ஈயின் உடலில் யூரிக் அமிலம், அல்லண்டாயின், முன்னதைப் பின்னதாக மாற்றும் நொதி ஆகிய மூன்றையும் குறித்து ஆராய்ந்து எழுதினார்.

அல்லண்டாயின் எங்கெங்கு உள்ளது

இப்பொருள் முதன்முதற் கிடைத்தது புழுவில் அன்று; பசுவில். 1800ஆம் ஆண்டை ஒட்டி, வோக்லின், புனீவா என்னும் இருவர், சினைப்பசுவின் கருவைச் சூழ்ந்த நீரில் இதனைக் கண்டனர். அந்நீர்ப்பையின் பெயராலேயே இதற்குப் பெயரும் அமைந்தது. 1838இல் வோலர், லீபிக் என்னும் ஜெர்மானிய இரசாயனிகள் யூரிக் அமிலத்தினின்று இதனைச் செய்தனர். லீபிக் என்னும் பெயர் நம் வாசகர்களுக்குப் பரிசயமானது. பயிருக்கு எது குறைவோ அதுவே விளைச்சலை நிர்ணயிக்கும் என்னும் விதியைப் பரப்பியவர் அவரே. 1912இல் லிவர்பூல் நகரத்து வைத்தியர் சார்ல்ஸ் மக்காலிஸ்டர் என்பவர், ஐரோப்பியக் கிராமத்தார் புண்ணுக்கும் எலும்பு முறிவுக்கும் கட்டிவந்த காம்ஃப்ரி என்னும் பூண்டின் வேரிலும் அல்லண்டாயின் இருப்பதை எடுத்துக்காட்டி, அதுவே புண்ணாற்றும் சத்து என்று கூறினார். பூண்டின் வேரும் புழுவின் கழிவும் ஒரே பொருளைக் கொண்டிருந்தமை, ராபின்ஸனுக்குப் பெரிய ஆதாரமாயிற்று.

இன்னும் அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, சோயா முதலியவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன என்பதை யாவரும் அறிவோம். அதனை எவ்வுருவில் கொடுக்கின்றன? பெரும்பாலும் அல்லண்டாயினாகவும் அல்லண்டாயிக் அமிலமாகவுமே தண்டின் வழியாக மேலே அனுப்புகின்றன. செழித்த உளுந்து வயலில் நிற்கும் விவசாயி, ஒவ்வொரு தண்டிலும் இப்பொருள் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில் நிற்கிறான். மாட்டின் சிறுநீரிலும் இது உண்டு. அதன் அளவைக் கொண்டு, மாட்டின் முதல் இரைப்பையில் எவ்வளவு நுண்ணுயிர்ப் புரதம் உண்டாகிறதென்று கால்நடைத் தீவன ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். மனிதனுக்கோ யூரிக் அமிலத்தை அல்லண்டாயினாக மாற்றும் நொதி இல்லை. ஆதலால் அவன் யூரிக் அமிலத்தையே வெளியேற்றுகிறான். அது மூட்டுகளில் தங்கி உப்புப்போல் படியின் கீல்வாதம் உண்டாகிறது.

அல்லண்டாயின் வெண்மையான தூள், மணமில்லை, சுவையில்லை. சாதாரண வெப்பத்தில் 100 பங்கு நீரில் ஏறக்குறைய அரைப் பங்கே கரையும். ராபின்ஸன் அரைப் பங்கு கரைசலைக் கையாண்டதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குளிர்ந்த நீரில் அதற்குமேல் அதிகம் கரைக்க இயலாது. இன்று கடைக்கு வரும் அல்லண்டாயின் புழுவினின்றும் வேரினின்றும் எடுக்கப்படுவதில்லை. யூரியாவையும் கிளையாக்ஸிலிக் அமிலத்தையும் சேர்த்துத் தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு விதிகள், தோலைக் காக்கும் பொருளாக நூற்றுக்கு அரை முதல் 2 பங்கு வரை இதனைக் களிம்புகளில் சேர்க்க அனுமதிக்கின்றன. யூரியாவும் அவ்வாறே வறண்ட தோலுக்கும் பித்தவெடிப்புக்கும் இடும் களிம்புகளில் இடம்பெற்றுள்ளது.

அல்லண்டாயின் மட்டுமா?

இவ்விடத்தில் நிதானம் வேண்டும். ராபின்ஸனுடைய உற்சாகத்தைப் பின்வந்த சோதனைகள் முற்றிலும் ஆதரிக்கவில்லை. பிறவியிலேயே தோல் கொப்புளித்து உரியும் ஒரு கொடிய நோயுள்ளவர்களுக்கு, நூற்றுக்கு 6 பங்கு அல்லண்டாயின் சேர்த்த களிம்பு பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அது மருந்தில்லாத வெறுங்களிம்பைவிட மேலானதன்று என்று 2017இல் தெரியவந்தது. ஆகவே, அல்லண்டாயின் தோலுக்கு இதமான, தீங்கற்ற பொருள் என்பது வரையில் கூறலாம். அதுவே புழுவின் முழு மர்மம் என்று கூறுதல் தகாது.

புழுவின் பெரும்பணி செத்த தசையைக் கரைத்து நீக்குவதே. அதற்குப் பல் கிடையாது. செரிமான நொதிகளை வெளியே உமிழ்ந்து, தசையைக் குழம்பாக்கி, அக்குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். 1931இல் ஹாப்சன் என்பார், தசைநார்ப் பொருளைக் கரைக்கும் நொதி ஒன்று இப்புழுவில் இருப்பதையும், அது காரத்தன்மையுள்ள கரைசலில் வேலை செய்வதையும் கண்டார். முன்சொன்ன அம்மோனியா புண்ணைக் காரத்தன்மை அடையச் செய்கிறது. எனவே, கழிவாக வெளியேறும் அம்மோனியாவே நொதிக்கு ஏற்ற சூழ்நிலையை உண்டாக்கித் தருகிறது. அவசியமற்றதென்று வெளியேற்றப்பட்ட பொருள் அடுத்த வேளை உணவுக்கு உதவுகிறது. இக்காலத்து ஆராய்ச்சிசாலைகளில் கிருமிநீக்கிய புழுக்களைச் சிறிது தூயநீரில் விட்டுவைத்து, பின்பு அவற்றை அகற்றி, எஞ்சிய நீரைச் சுழற்சி யந்திரத்திலிட்டுத் தெளிய வைத்து, அத்தெளிவினின்று இந்நொதிகளைப் பிரிக்கின்றனர். இவ்வாறே கிருமிகளைக் கொல்லும் பொருள்களும் தேடப்பட்டன. 2010இல் பிராக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 40 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதம் ஒன்றைப் பிரித்து, ஈயின் பெயரையொட்டி லூசிபென்சின் என்று பெயரிட்டனர். சீழ் உண்டாக்கும் கிருமிகள் சிலவற்றை அது கொல்லுகிறது.

பெனிசிலின் 1940களில் பரவியபின் புழுவையும் அதன் கழிவையும் வைத்தியர்கள் மறந்தனர். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பின்னரே மீண்டும் நினைத்தனர். 1989 முதல் கலிபோர்னியாவில் ரோனால்ட் ஷெர்மன் என்னும் வைத்தியர் இம்முறையைப் புதுப்பித்தார். 2004இல் அமெரிக்க அரசாங்கம் கிருமிநீக்கிய புழுவை வைத்தியச் சாதனமாக விற்க அனுமதித்தது. இங்கிலாந்தில் கால்புண்ணுள்ள 267 பேரைக் கொண்டு நடந்த சோதனை ஒன்று 2009இல் வெளிவந்தது. செத்த தசை நீங்குவதற்குக் களிம்புப் பசை இட்டவர்களுக்குச் சராசரி 72 நாள் ஆயிற்று. புழுவை நேராக விட்டவர்களுக்கு 14 நாளே பிடித்தது. பைக்குள் அடைத்த புழுவை வைத்துக் கட்டியவர்களுக்கு 28 நாள். வேறுபாடு பெரிது. ஆனால் புண் முழுதும் ஆறி மூடுவதற்கான காலம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. புழு இட்டவர்களுக்கு வலி மிகுதி. என் அபிப்பிராயம் யாதெனில், புழு ஒரு சிறந்த துப்புரவாளன். அதனை மருந்தென்று கொண்டாடுவதற்குச் சான்று போதாது.

எச்சரிக்கைகள்

மேலே கண்டவற்றினின்று தவறான முடிபுகளுக்குச் செல்லுதல் எளிது. ஆகவே சிலவற்றை வெளிப்படையாகக் கூறவேண்டியுள்ளது.

வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்துப் புண்ணில் ஊற்றலாகாது. பொருளின் பெயர் ஒன்றாயினும் தூய்மை ஒன்றன்று. உர யூரியா மூட்டையில் வேறு பொருள்கள் கலந்திருக்கும்; வேம்புப் பூச்சு இட்டும் வரும்; கிருமிநீக்கம் செய்யப்பட்டதன்று. அளவு மிஞ்சிய யூரியா தசையை அரிக்கும். பசுவின் சிறுநீரில் அல்லண்டாயின் உண்டென்று எழுதியதைக் கொண்டு அதனைத் திறந்த புண்ணில் ஊற்றுவதும் தகாது. தொழுவத்து மண்ணிலும் சாணத்திலும் தனுர்வாயுக் கிருமியின் வித்துகள் உள்ளன. பேயருடைய வைத்தியசாலையிலேயே அந்நோய் புகுந்ததை மேலே கண்டோம். நம் தொழுவத்தில் புகாதென்பது என்ன நிச்சயம்? உழவு வேலையில் காலில் வெட்டுப்பட்டவர்கள் புண்ணைச் சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு கழுவி, தனுர்வாயுத் தடுப்பூசியைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால், புண்ணில் புழு வைத்தும் தெரியாதிருப்பதுண்டு. தினந்தோறும் இரவில் பாதத்தைப் பார்த்துக்கொள்வதும், புழு கண்டால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்வதும் அவசியம். அங்கு வைத்தியர் புழுவை எடுத்துவிடுவார். தானாக வந்த புழு எவ்வினமென்பதும், எந்தக் கிருமிகளைச் சுமந்து வந்ததென்பதும் எவருக்கும் தெரியாது. வைத்தியசாலையில் இடப்படும் புழுவோ இனம் அறிந்து, முட்டையிலிருந்தே கிருமி நீக்கி வளர்க்கப்பட்டது. 2 முதல் 4 நாளில் எண்ணி எடுக்கப்படுவது. இரண்டுக்கும் உள்ள தூரம், மலைச்சாரலில் பறித்த பெயரறியாக் காளானுக்கும் பண்ணையில் வளர்த்த காளானுக்கும் உள்ள தூரமே.

மாட்டுப் புண்ணில் செய்யவேண்டுவன

மாட்டின் புண்ணில் புழு கண்டால் அது திருகுப்புழுவே என்று கொள்ளுதல் நலம். புண்ணின் வாய் சிறிதாகவும் உள்ளே பெரும் பையாகவும் இருத்தல், இரத்தம் கலந்த நீர் ஒழுகுதல், துர்நாற்றம், மாடு தன் உடலையே அடிக்கடி நக்கவும் உதைக்கவும் முயலுதல் ஆகியவை அடையாளம். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துப் புண்ணில் நிரம்ப விட்டால் புழுக்கள் மூச்சு முட்டி மேலே வரும். சீத்தாப்பழ மரத்தின் இலையை அரைத்து வைப்பதும் வழக்கத்தில் உண்டு. மேலே வந்த புழுக்களைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். ஒரே தடவையில் முடியாது; ஆழத்தில் இருப்பவை மறுநாளும் வரும். பின்பு புண்ணைக் கழுவி, வேப்பெண்ணெய் தடவி, ஈ அண்டாதவாறு துணியிட்டுக் கட்டலாம். கண், காது, மூக்கு, பெண்குறி ஆகிய இடங்களிலும், ஆழமான புண்ணிலும் நாமே கைவைத்தலாகாது. கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். புழுக்களை உடலுக்குள்ளிருந்தே கொல்லும் ஊசிமருந்து அவரிடம் உண்டு.

வருமுன் காப்பது இதனினும் சுலபம். கன்று பிறந்தவுடன் தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவவேண்டும். காயடித்தல், கொம்பு தீய்த்தல், காதுவில்லை பொருத்துதல் ஆகியவற்றை இயன்றவரையில் ஈ குறைந்த காலத்தில் வைத்துக்கொண்டு, புண் ஆறும்வரையில் நாள்தோறும் பார்க்கவேண்டும். உண்ணி கடித்த இடத்துச் சிறுபுண்ணையும் அலட்சியம் செய்யலாகாது. ஈக்கு அதுவே போதும். கோமாரி கண்ட காலத்தில் குளம்பிடுக்கைத் தினமும் கழுவிப் பார்க்கவேண்டும்.

புண்ணினின்று எடுத்த புழுக்களைத் தொழுவத்து மண்ணில் எறிந்துவிடுவது நம்மவரிடையே உள்ள பெருங்குறை. முதிர்ந்த புழுவுக்கு அம்மண்ணே வேண்டியது. அதில் புகுந்து கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து ஈயாக வெளிவந்து, அதே தொழுவத்தின் அடுத்த மாட்டைத் தேடும். எடுத்த புழுக்களை மண்ணெண்ணெய் ஊற்றிய தகரத்தில் போட்டு, பின்பு தொழுவத்துக்கு அப்பால் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும்.